அளவுகோலை அளந்த பின்னரே ஒலியை அளக்கலாம்

பலசரக்குக் கடையில் தராசின் முள் நேரே நிற்கின்றதா என்று பார்த்துப் பொருள் வாங்குவது நம் இல்லத்தரசிகளுக்குக் கைவந்த கலை. ஆனால், ஒலிபெருக்கியோ வானொலிப் பெட்டியோ வாங்கச் சென்றால் மட்டும், அட்டையில் அச்சிட்டிருக்கும் இலக்கங்களை வேதவாக்காகக் கொண்டு வீடு திரும்பிவிடுகின்றோம். ஒலிக்கும் அளவுகோல் உண்டு. தராசைப் போலவே அதற்கும் முள் பார்க்கும் முறை உண்டு. அம்முறையைச் சற்றே விளக்குவது நம் நோக்கம்.

கொட்டகையிற் பிறந்த கருவி

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்துப் பாலோ அல்ற்றோ நகரில், ஒரு மோட்டார்க் கொட்டகையில் தொழில் நடத்திய ஹியூலற், பக்காட் என்னும் இரு இளைஞர், 1939 ஆம் ஆண்டில் தமது கூட்டு நிறுவனத்தை அமைத்தனர். அவர்கள் முதன்முதலில் விற்ற பொருள், செவிக்குக் கேட்கும் மீடிறன்களில் தூய மின்னலைகளைப் பிறப்பிக்கும் அலையாக்கியாகும். இத்தகைய கருவிகளில் அலையின் உயரம் ஒரு நிலையில் நில்லாது கூடியும் குறைந்தும் போவது அக்காலத்துப் பெருந்தொல்லை. அதற்கு ஹியூலற் கண்ட மருந்து ஒரு சிறு மின்குமிழ். மின்னோட்டம் கூடினால் குமிழின் இழை சூடேறும். சூடேற அதன் தடை கூடும். தடை கூட அலை தானே அடங்கும். 1940 இல் வெளிவந்த ‘பன்ரேசியா’ படத்தின் ஒலி வேலைகளுக்காக டிஸ்னி நிலையத்தார் இவ்வகைக் கருவிகள் எட்டினை வாங்கினர்.

இன்று கருவிகள் கணினிக்குள் புகுந்துவிட்டன. ஆயினும் ஏற்பாடு பழையதுதான். ஒரு புறம் அலையாக்கி, மறுபுறம் அளவி, நடுவே சோதனைக்குரிய சாதனம். நாம் அனுப்பிய அலையும் திரும்பி வந்த அலையும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதே கேள்வி.

மேடை கோணலா?

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். இத்துறையிலோ மேடை உண்மையாகவே கோணலாக இருப்பதுண்டு! ஆதலால், சாதனத்தை எடுத்து வைத்துவிட்டு, அலையாக்கியின் வாயை அளவியின் வாயோடு நேரே வயரினால் இணைத்து அளப்பதே முதல் வேலை. அப்பொழுது தோன்றும் இரைச்சலும் திரிபும் கருவியின் சொந்தச் சொத்து. அதைவிடக் குறைந்த குற்றத்தைச் சாதனத்தில் அக்கருவி கொண்டு காண இயலாது.

அடுத்தது மின்னழுத்தம். பழைய தொலைபேசி வழக்கின்படி, 600 ஓம் தடையில் ஒரு மில்லிவாற் வலுவைத் தரும் 0.775 வோல்ற்றே ஒலித்துறையின் அடிப்படைப் படி. உள்ளே 600 ஓம் உடைய அலையாக்கி, எதிரிலும் 600 ஓம் இருக்கும் என்றே கணக்கிட்டு வோல்ற்றைக் காட்டும். தற்காலச் சாதனங்களின் வாயிலோ பல ஆயிரம் ஓம் தடை உண்டு. அமைப்பை மாற்றாது இணைத்தால், காட்டும் அளவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு உள்ளே செல்லும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்றபடி, நல்ல பெருக்கியொன்று திரிபு மிக்கதென்று தள்ளப்படும்.

வலுவை அளக்கும்போது ஒலிபெருக்கிக்குப் பதிலாக, சூடு தாங்கும் 8 ஓம் தடையை இணைப்பார்கள். அதன் குறுக்கே 20 வோல்ற் நின்றால், வோல்ற்றின் வர்க்கத்தை ஓமினாற் பிரிக்க, 50 வாற் என்று தெரியும். ஒன்றை மறத்தலாகாது. சில பெருக்கிகளில் ஒலிபெருக்கி முனைகள் இரண்டுமே மின் உயிருள்ளவை. அலைகாட்டியின் நில வயரை அவற்றில் மாட்டினால் பெருக்கி எரிந்துபோகக்கூடும்.

கூரையுள்ள வீடு

மேற்சொன்னவை அலையை அலையாகவே ஏந்தும் ஒப்புமுறைச் சாதனங்கள். இலக்கமுறைச் சாதனமோ அலையைத் துண்டு துண்டாக எண்ணி எழுதுவது. 1982 இல் விற்பனைக்கு வந்த இறுவட்டில் செக்கனுக்கு 44,100 தடவை அலை எண்ணப்படுகின்றது. ஒவ்வோர் எண்ணும் 65,536 படிகளில் ஒன்று. இறுதிப் படிக்கு மேல் இடமில்லை. ஒலிநாடா அளவு மீறினால் மெல்ல மெல்லத் திரியும்; இலக்கமுறையிலோ அலையின் தலை கூரையில் மோதித் தட்டையாகிவிடும். ஆகவே இங்கே பூச்சியம் என்பது கூரை. மற்ற அளவுகள் யாவும் அதற்குக் கீழே இத்தனை டெசிபெல் என்று சொல்லப்படும்.

சோதனை அலையையும் ஆராய்ந்து தெரிதல் வேண்டும். செக்கனுக்கு 48,000 தடவை எண்ணும் சாதனத்துக்கு 1000 அதிர்வு அலையைக் கொடுத்தால், அதே 48 எண்களே திரும்பத் திரும்ப வரும். ஏனைய படிகள் சோதனைக்கு உட்படா. எனவே 997 என்னும் பகா எண்ணைத் தேர்ந்தார்கள். 48,000 ஐ அது மீதியின்றிப் பங்கிடாது. ஒரு முழுச் செக்கன் கழிந்த பின்னரே எண்களின் வரிசை மீளும். மூன்றே அதிர்வு குறைத்ததில் எத்துணை நுட்பம்!

இரைச்சலை அளக்குமுன், 20,000 அதிர்வுக்கு மேற்பட்டதைத் தள்ளும் வடிகட்டியைப் போடுதல் முறை. இன்றேல் மனிதச் செவிக்கு எட்டாததும் குற்றப்பட்டியலில் ஏறும். உறுமல் கேட்டால் அதன் மீடிறனைப் பாருங்கள். இலங்கை மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று உடையது. உறுமல் 50 இல் நின்றால் வயரிணைப்பிலும் நில இணைப்பிலும், 100 இல் நின்றால் மின்வழங்கியின் முதிர்ந்த கொள்ளளவியிலும் ஐயங் கொள்ளலாம்.

இதனால் நமக்கென்ன?

‘ஆயிரம் வாற்’ என்று அட்டை முழங்கும் சிறு பெட்டியின் மின்வழங்கியைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ற், 2 அம்பியர் என்றிருந்தால் உள்ளே தொடர்ந்து செல்வதே 24 வாற். உட்செல்லாதது எங்ஙனம் தொடர்ந்து வெளிவரும்?

இதனினும் பெரியதொன்று உண்டு. 1980 களில் கடல் கடந்த பிள்ளைகளுக்குப் பெற்றோர் கசெற்றிற் பேசி அனுப்பிய குரற்கடிதங்கள் இன்றும் சில வீடுகளில் இருக்கின்றன. பேசியவர் பலர் இன்றில்லை. நாடாவோ ஆண்டுதோறும் நலிகின்றது. அதனைக் கணினிக்கு மாற்றும்போது மிக உரத்த பகுதியை முதலில் ஓடவிட்டு, அலையின் உச்சம் கூரைக்குப் பத்துப் பன்னிரண்டு டெசிபெல் கீழே நிற்குமாறு அளவை அமையுங்கள். ஒரு நிமிடம் பதிந்து, தலை தட்டையாகவில்லை என்று கண்டபின் முழுவதையும் பதியுங்கள். பிழையாகப் பதிந்துவிட்டு நாடாவையும் எறிந்தால், தட்டையான குரலை எந்த வித்தகராலும் பழையபடி ஆக்க முடியாது.

அம்மாவின் சிரிப்பொலி கூரையில் மோதாது நம் பேரப்பிள்ளைகளைச் சென்றடைய, சில நிமிட அளவு வேலை போதும். அதற்குச் சோம்புதல் தகுமா?