கருந்துளைச் சூரியனும் ஒரு சுழலும் ஒலிபெருக்கியும்

சென்ற பருவத்தில் என் வகுப்பு மாணவர் ஒருவர் எழுந்து, "சார், நம் சூரியனும் ஒருநாள் கருந்துளை ஆகிவிடுமா?" என்று கேட்டார். எங்கே படித்தாய் என்றேன். படிக்கவில்லை, ஓர் ஆங்கிலப் பாட்டில் கேட்டேன் என்றார். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். அவர் முகம் வாடி உட்கார்ந்துவிட்டார். அன்று மாலை அந்தப் பாட்டைத் தேடிக் கேட்டபோதுதான், சிரித்தது தவறு என்று எனக்குப் பட்டது.

பாட்டின் பெயர் 'பிளாக் ஹோல் சன்', அதாவது கருந்துளைச் சூரியன். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் 1980-களில் 'கிரஞ்ச்' என்ற முரட்டு ராக் இசை பிறந்தது. அவ்வகையைச் சேர்ந்த 'சவுண்ட்கார்டன்' குழு 1994-இல் வெளியிட்ட மெதுநடைப் பாட்டு இது. எழுதிப் பாடியவர் கிறிஸ் கார்னெல். அமெரிக்க ராக் வானொலிப் பட்டியலில் ஏழு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. 1995-இல் கிராமி விருதும் பெற்றது. செய்தி வாசிப்பவர் சொன்ன ஏதோ ஒன்று தம் காதில் தவறாக விழுந்ததில் இந்தத் தலைப்பு பிறந்தது என்றும், பாட்டில் குறிப்பிட்ட கருத்து ஏதும் இல்லை என்றும் கார்னெலே சொல்லியிருக்கிறார். ஆனால் கேட்டவர்கள் அதை விடவில்லை. அதன் காட்சிப் படத்தில், கோரமாகச் சிரிக்கும் மனிதர்களைக் கருத்த சூரியன் ஒன்று விழுங்குகிறது. தொலைக்காட்சியில் அது திரும்பத் திரும்ப ஓடியது. என் மாணவரின் ஐயம் பிறந்த இடம் அதுதான்.

ஐயத்தைத் தீர்ப்போம். சூரியன் கருந்துளை ஆகாது. சுமார் 500 கோடி ஆண்டுகளில் அது ஊதிப் பெருத்துச் செம்பூதமாகி, மேலுறையை உதறிவிட்டு, வெண்குள்ளனாகச் சுருங்கும். அதற்குமேல் நசுங்க அதற்கு நிறை போதாது. வெண்குள்ளனின் நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்டால் தன் எடையைத் தானே தாங்காது என்று 1930-இல் கப்பலில் இங்கிலாந்து செல்லும் வழியில் கணக்கிடத் தொடங்கியவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த 19 வயது எஸ். சந்திரசேகர்.

சரி, மாயமாய் யாரோ சூரியனை நசுக்கிக் கருந்துளை ஆக்கிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். 7 இலட்சம் கிலோமீட்டர் ஆரம் 3 கிலோமீட்டராகிவிடும். பூமி உள்ளே இழுக்கப்படுமா? இல்லை! ஈர்ப்பு நிறையையும் தொலைவையும் பொறுத்தது, இரண்டும் மாறவில்லையே. எட்டரை நிமிடத்திற்குள் இருள் சூழும், பிறகு குளிரில் விறைப்போம். ஆனால் ஆண்டுக்கு 365 நாள் கணக்கில் சுற்றிக்கொண்டேதான் இருப்போம். படத்தில் காட்டியதுபோல் உறிஞ்சப்பட மாட்டோம்.

என்னைக் கேட்டால், இந்தப் பாட்டின் உண்மையான இயற்பியல் பெயரில் இல்லை, தொடக்கத்து கிதாரில் இருக்கிறது. அந்த ஒலி நீருக்கடியிலிருந்து வருவதுபோல் நெளியும். காரணம், 'லெஸ்லி' எனும் சுழலும் ஒலிபெருக்கி. டான் லெஸ்லி என்ற அமெரிக்கர் ஆர்கன் வாத்தியத்திற்காக உருவாக்கியது. மரப்பெட்டிக்குள் ஒலி வெளிவரும் வாய் மின்மோட்டாரால் சுழல்கிறது. வாய் நம்மை நோக்கி வரும்போது சுருதி ஏறும், விலகும்போது இறங்கும். கடந்து செல்லும் ரயிலின் ஊதலில் நீங்கள் கேட்டிருக்கும் அதே டாப்ளர் விளைவுதான்.

எவ்வளவு ஏறும்? கணக்குப் போடுங்கள். வாய் அச்சிலிருந்து 18 செ.மீ. தள்ளி நிமிடத்திற்கு 400 முறை சுழல்வதாகக் கொண்டால், அதன் வேகம் நொடிக்கு சுமார் 7.5 மீட்டர். ஒலியின் வேகம் 340 மீட்டர். எனவே 440 அதிர்வெண் கொண்ட ஸ்வரம் 450-க்கும் 430-க்கும் இடையே ஊசலாடும். அடுத்த ஸ்வரத்தானத்திற்குத் தாவுமளவு பெரிய மாற்றமல்ல; ஆனால் காது உடனே பிடித்துக்கொள்ளும். கூடவே ஒலியின் வலிமையும் ஏறி இறங்கும்.

குழுவின் பெயரிலும் ஒலியியல் உண்டு. சியாட்டிலில் வாஷிங்டன் ஏரிக்கரையில் 'எ சவுண்ட் கார்டன்' என்ற சிற்பம் நிற்கிறது: 12 எஃகுக் கோபுரங்கள், அவற்றில் ஆர்கன் குழாய்கள். காற்று வீசும்போது குழாய்க்குள் காற்றுத் தம்பம் அதிர்ந்து ஊளையிடும். அதன் பெயரைத்தான் குழு எடுத்துக்கொண்டது. 2017 மே மாதம் கார்னெல் இறந்தபோது ரசிகர்கள் அங்கே சென்று மலர் வைத்தார்கள்.

மறுநாள் அம்மாணவரிடம் வருத்தம் தெரிவித்துவிட்டு, ஒரு வேலை கொடுத்தேன். பேட்டரியில் ஒலிக்கும் சிறு பஸ்ஸர் ஒன்றைத் துணிப்பையில் இறுகக் கட்டி, ஒரு மீட்டர் கயிற்றில் தலைக்குமேல் நொடிக்கு இரு சுற்றாகச் சுழற்றவேண்டும். நீங்களும் செய்யலாம், திறந்த வெளியில், ஆட்களை விலக்கி நிறுத்திவிட்டு. விடுதி மைதானத்தில் சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் ஒலி நெளிந்து கேட்டது. சுழற்றிய அவருக்கு மட்டும் கேட்கவில்லை. "எனக்கு மட்டும் ஏன் சார்?" என்றார். பஸ்ஸருக்கும் அவர் காதுக்கும் உள்ள தொலைவு மாறியதா என்று கேட்டேன். கயிற்றைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.