பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் முன்...



எஸ்.பி.எம். முடிவு வெளிவந்ததும் நம் தோட்டத்து லயங்களிலும் பக்கத்துத் தாமான்களிலும் ஒரே பேச்சாக இருக்கும். யார் வீட்டுப் பிள்ளை எத்தனை 'ஏ' எடுத்தது, அடுத்து எங்கே படிக்கப் போகிறது என்பதுதான் அந்தப் பேச்சு. அந்த நேரம் பார்த்து ஏஜெண்டுகளும் வந்து சேருவார்கள். பளபளப்பான படங்களைக் காட்டுவார்கள். இன்றைக்கே முன்பணம் கட்டினால்தான் இடம் என்று அவசரப்படுத்துவார்கள். தாயின் நகை அடகுக் கடைக்குப் போகும். தந்தையின் சேமநிதிப் பணம் வெளியே வரும்.

பிள்ளை வெளிநாடு போய்ப் படிப்பது தப்பே இல்லை. ஆனால் அதற்கு முறையான வாசல் ஒன்று இருக்கிறது. பல்கலைக்கழகங்களில் உள்ள அனைத்துலகக் கல்விப் பிரிவுதான் அந்த வாசல். நம்மில் பலர் அப்படி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டதுகூட இல்லை. ஆகவேதான் இந்தக் கட்டுரை.

நம் ஊரிலேயே ஒரு பல்கலைக்கழகம்

பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்துப் பழகிய ஊர்தான் இன்றைய பெஸ்தாரி ஜெயா. அங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-ஆம் ஆண்டு ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டத்தை உண்டாக்கினார். நம் பாட்டன்மார் கடல் கடந்து வந்து உழைத்த மண் இது.

அதே ஊரில் இன்று சிலாங்கூர் மாநில அரசுக்குச் சொந்தமான யூனிசெல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அது 1999-இல் தொடங்கப்பட்டது. வெளிநாட்டுப் பிள்ளைகள் விமானம் ஏறி அங்கே படிக்க வருகிறார்கள். நம்மில் சிலரோ அதன் பெயர்ப் பலகையை மட்டும் பார்த்துவிட்டுக் கடந்து போகிறோம்.

அந்தப் பிரிவு என்ன செய்கிறது?

அனைத்துலகக் கல்விப் பிரிவுக்கு இரண்டு வேலைகள் உண்டு. முதலாவது, வெளிநாட்டிலிருந்து வரும் மாணவர்களைக் கவனிப்பது. விசா, மருத்துவக் காப்புறுதி, தங்கும் இடம், புது ஊரில் வரும் சிக்கல்கள் எல்லாவற்றுக்கும் அவர்கள் அங்கேதான் போவார்கள். இந்த மாணவர்களின் விசா விண்ணப்பங்களைப் பார்ப்பதற்கென்றே 2012-இல் இ.எம்.ஜி.எஸ். என்ற நிறுவனம் நம் நாட்டில் அமைக்கப்பட்டது.

இரண்டாவது வேலைதான் நமக்கு முக்கியம். இங்கே படிக்கும் மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதும் இதே பிரிவுதான். இதற்கு மாணவர் பரிமாற்றம் என்று பெயர். இரண்டு பல்கலைக்கழகங்கள் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. நம் மாணவர் ஒரு பருவம் அங்கே போய்ப் படிப்பார். அங்குள்ளவர் இங்கே வருவார். பெரும்பாலும் கல்விக் கட்டணத்தைத் தம் சொந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டினால் போதும். அங்கே தேறிய பாடங்கள் இங்கே கணக்கில் சேர்த்துக்கொள்ளப்படும். மிச்சம் இருப்பது விமானச் செலவும் சாப்பாட்டுச் செலவும் தங்கும் செலவும்தான்.

அதற்கும் உதவித்தொகைகள் உண்டு. மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய மூன்று நாடுகளும் 2010-இல் ஒரு பரிமாற்றத் திட்டத்தைத் தொடங்கின. ஏய்ம்ஸ் என்பது அதன் பெயர். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் திட்டத்திலும் நம் நாட்டு மாணவர்கள் உதவித்தொகை பெறலாம். எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்து அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிள்ளைக்கு இந்த வாய்ப்பெல்லாம் உண்டு. நகையை அடகு வைக்காமலே வெளிநாட்டைப் பார்க்கலாம். ஆனால் பிள்ளை தானே போய்க் கேட்க வேண்டும். கூச்சப்பட்டு நின்றால் இடம் இன்னொருவருக்குப் போய்விடும்.

இங்கிருந்தே வெளிநாட்டுப் பட்டம்

1997-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முன் ஓர் அமெரிக்க டாலரின் விலை சுமார் 2 வெள்ளி 50 காசு. 1998 ஜனவரியில் அது 4 வெள்ளி 50 காசையும் தாண்டியது. ஆயிரம் டாலர் அனுப்ப 2,500 வெள்ளி தேடிய தகப்பனார், அதே ஆயிரம் டாலருக்கு 4,500 வெள்ளிக்கு மேல் தேட வேண்டியதாயிற்று. பல பிள்ளைகளின் படிப்பு ஊசலாடியது.

அந்த நெருக்கடியில்தான் 'மூன்றும் பூஜ்யமும்' என்னும் படிப்புக்கு அரசாங்கம் அனுமதி கொடுத்தது. மூன்று ஆண்டும் இங்கே உள்ள கல்லூரியில் படிப்பு. பட்டம் கொடுப்பது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம். அதே 1998-இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகமும், 2000-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகமும் இந்நாட்டில் தங்கள் கிளைகளைத் திறந்தன. இவற்றில் கட்டணம் கணிசம்தான். ஆனாலும் வீட்டுச் சாப்பாடும் வெள்ளிக் கணக்கும் இருப்பதால் பாரம் குறைகிறது.

அங்கீகாரம்தான் உயிர்நாடி

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது. 2005-ஆம் ஆண்டில், உக்ரேனின் கிரைமியா அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குத் தந்திருந்த அங்கீகாரத்தை மீட்டுக்கொள்வதாக நம் அரசாங்கம் அறிவித்தது. நம் இனப் பிள்ளைகள் பலர் அங்கே படித்துக்கொண்டிருந்த சமயம் அது. எத்தனை வீடுகளில் அன்று சோறு இறங்கவில்லை! ஆகவே பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. உள்நாட்டுப் படிப்பு என்றால், மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ.யின் பதிவேட்டில் அது இருக்கிறதா? அந்தப் பதிவேட்டை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பிள்ளையின் கைப்பேசியே போதும்.

2. மருத்துவம் என்றால், மலேசிய மருத்துவ மன்றத்தின் பட்டியலில் அந்தக் கல்லூரி உண்டா? சட்டத்துக்கும் பொறியியலுக்கும் இப்படியே தனித்தனி வாரியங்கள் இருக்கின்றன.

3. சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும்?

4. கடைசி ஆண்டு வரை ஆகும் மொத்தச் செலவு எவ்வளவு? விசா, காப்புறுதி, தங்கும் இடம் எல்லாம் சேர்த்து எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

5. இடையில் நின்றால் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும்?

ஏஜெண்டுக்குப் பல சமயம் கல்லூரியே கமிஷன் கொடுக்கிறது. ஆகையால் அவர் சொல்வதை மட்டும் நம்பாமல், பல்கலைக்கழகத்தின் அனைத்துலகப் பிரிவுக்கே எழுதி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பணத்துக்கு வழி

பி.டி.பி.டி.என். கடனுதவி உள்நாட்டுப் படிப்புக்குத்தான். வெளிநாட்டுப் படிப்புக்கு இல்லை. அதற்கு விண்ணப்பிக்க எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு வேண்டும். பிள்ளை ஆரம்பப் பள்ளியில் இருக்கும்போதே சிறுகச் சிறுகச் சேமிக்கத் தொடங்குங்கள். சேமநிதியிலிருந்தும் பிள்ளையின் உயர்கல்விக்குப் பணம் எடுக்கலாம். ஆனால் அது உங்கள் முதுமைக்கால அரிசி. அங்கீகாரத்தை உறுதிசெய்யாமல் அதில் கை வைக்காதீர்கள்.

பெற்றோர்களே! 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்து இந்திய இயல் துறைக்குத் தமிழ் நூல்கள் வாங்க, தமிழவேள் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் திரட்டினார். சாதாரணத் தொழிலாளர்களும் தங்கள் கூலியிலிருந்து அதற்குக் கொடுத்தார்கள். பல்கலைக்கழகம் நமக்கு அந்நிய இடமன்று. ஒரு நாள் சம்பளம் போனாலும் போகட்டும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த வாசலுக்குப் போங்கள். கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பதிலையும் எழுத்தில் வாங்கி வாருங்கள்.