காற்றில் செல்லும் காவலர் குரல்

"பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே" என்பது நம் பெரியோர் சொல்லிவைத்த பழமொழி. வயர்லெஸ் கருவியில் பேசும் காவலருக்கு இது மிகவும் பொருந்தும். அவர் பேசுவது காற்றோடு கலந்து நாலாபுறமும் செல்கிறதல்லவா?

வயர்லெஸ் வந்த கதை:

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் காவல்துறை 1928-இல் தன் ரோந்துக் கார்களுக்கு வானொலி வழியாகச் செய்தி அனுப்பத் தொடங்கியது. காரில் இருந்தவர் கேட்கலாம். பதில் பேச முடியாது. சில ஆண்டுகளில் அந்தக் குறையும் நீங்கி, இருபுறமும் பேசும் கருவிகள் வந்தன. நம் நாட்டில் மாநிலக் காவல்துறைகளின் வயர்லெஸ் பணிகளை ஒருங்கிணைக்க 1946-இல் மத்திய அமைப்பு ஒன்று ஏற்பட்டது.

கைப்பேசி இருக்கும்போது வயர்லெஸ் எதற்கு என்று தோழியர் சிலர் கேட்கலாம். கைப்பேசியில் ஒருவர் ஒருவரோடு பேசுகிறார். வயர்லெஸிலோ ஒருவர் பேசினால் அந்த அலைவரிசையில் உள்ள எல்லா நிலையங்களும், எல்லா வண்டிகளும் ஒரே நொடியில் கேட்கின்றன. ஏரி உடையும் மழைக்காலத்திலும் திருவிழாக் கூட்டத்திலும் இதன் அருமை விளங்கும்.

புள்ளியும் கோலமும்:

பழைய முறைக்கு அனலாக் என்று பெயர். பேசும் குரலின் ஏற்ற இறக்கம் அப்படியே அலையில் ஏறிச் செல்லும். தூரம் கூடக் கூட இரைச்சலும் கூடும். அதே அலைவரிசைக்குத் திருப்பிய கருவி எவரிடம் இருந்தாலும் அவரும் கேட்கலாம். நம் நாட்டில் 1933-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமமின்றி வயர்லெஸ் கருவி வைத்திருப்பதைத் தடை செய்தது. அனுமதியின்றிப் பிறர் செய்தியை இடைமறிப்பது 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி குற்றம். ஆயினும் சட்டம் தண்டிக்குமே தவிர, காற்றுக்குக் கதவு போடாது.

டிஜிட்டல் முறையில் குரல் 0, 1 என்னும் எண்களாக மாறிச் செல்கிறது. இதைப் புள்ளிக் கோலத்துக்கு ஒப்பிடலாம். புள்ளிக் கணக்குத் தெரிந்தால், கோலத்தின் ஓரம் அழிந்தாலும் திரும்பப் போட்டுவிடலாம். அதுபோல வழியில் சில எண்கள் சிதைந்தாலும் கருவி அவற்றைச் சரிசெய்து தெளிவான குரலைத் தரும். ஆனால் மிகுதியும் அழிந்துவிட்டால் அரைகுறையாகக்கூடக் கேட்காது, பேச்சு அறுந்துவிடும்.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. டிஜிட்டல் என்றாலே இரகசியம் என்று பொருளன்று. அதற்கேற்ற கருவி இருந்தால் அதையும் கேட்கலாம். எண்களைச் சங்கேதமாக மாற்றி, அதைத் திறக்கும் சாவியைக் காவலர் கருவிகளில் மட்டும் வைத்தால்தான் பூட்டு விழும்.

பூட்டு ஏன் வேண்டும்?

துன்புறுத்தப்பட்ட சிறுமி ஒருத்தியைக் காக்கக் காவலர் விரைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய பெயரும் தெருவும் வயர்லெஸில் சொல்லப்படுகின்றன. அவளை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடப் பத்திரிகைகளுக்கு 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் தடை விதிக்கிறது. பத்திரிகை அச்சிடக் கூடாத பெயரைப் பக்கத்து ஊரார் காற்றில் கேட்கலாமா? காவலர் எந்த வழியாக வருகிறார்கள் என்று குற்றவாளி அறியலாமா? ஆகவே பூட்டு நல்லதே.

பூட்டின் மறுபக்கம்:

அமெரிக்காவில் பத்திரிகையாளர்கள் நெடுங்காலம் காவலர் வானொலியைக் கேட்டுச் செய்தி சேகரித்தார்கள். சிகாகோ காவல்துறை 2022-இல் சங்கேத முறைக்கு மாறத் தொடங்கி, பொதுமக்கள் 30 நிமிடம் தாமதமாகவே கேட்கும்படி செய்தது. 2023-இல் நியூயார்க்கும் தன் அலைவரிசைகளைப் பூட்டத் தொடங்கியது. "காவல்துறை தவறு செய்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பது பத்திரிகையாளர்களின் கேள்வி.

இது நமக்கும் உரிய கேள்விதான். 2020-இல் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் காவலில் உயிரிழந்த துயரத்தைத் தமிழ்நாடு மறக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியையும் பதியும் கண்காணிப்புக் கேமராக்கள் வேண்டும் என ஆணையிட்டது. புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாகத் தரப்பட வேண்டும். 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி 30 நாட்களுக்குள் பதில் பெறலாம். ஒருவரின் உயிரோ சுதந்திரமோ பற்றிய கேள்வியானால் 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும். வயர்லெஸைக் கேட்க நமக்கு உரிமை இல்லாவிட்டாலும் இந்த வாசல்கள் நமக்குத் திறந்தே இருக்க வேண்டும்.

திருச்சபையில் இரண்டும் உண்டு. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் எவரிடமும் சொல்வதில்லை. திருமண ஓலையையோ, தடை தெரிந்தவர் சொல்லட்டும் என்று கோயிலில் எல்லோரும் கேட்க வாசிக்கிறார்கள்.

நம் உத்திரமேரூரின் முதலாம் பராந்தக சோழர் காலக் கல்வெட்டுகளும் (கி.பி. 919, 921) இதையே காட்டுகின்றன. குடவோலை எடுக்கும்போது குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். சிறுவன் எடுத்த ஓலையை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி, எல்லோரும் கேட்கப் படிக்க வேண்டும். கணக்குக் காட்டாதவரின் பெயர் குடத்தில் இடப்படவே கூடாது.

தோழியரே! துன்பப்பட்டவரின் பெயர் மறைந்திருக்கட்டும். அதிகாரம் உடையவரின் கை மட்டும், ஐந்து விரலும் விரிந்தபடியே இருக்கட்டும்.

— 10-ஆம் வகுப்பு மாணவி