பழைய பிக்கப்பின் கியர்ப்பெட்டி எது? அடையாளம் காண்பதும் ஒப்பிடுவதும்



தொழிற்கல்லூரியில் வாகனத்துறை படிக்கும் என் முன்னாள் மாணவர் ஒருவர் ஒரு கட்டுரையைக் கொண்டுவந்து, "சார், பிழை திருத்திக் கொடுங்க" என்றார். அமெரிக்காவின் பழைய பிக்கப் வண்டிகளைப் பற்றிய கட்டுரை. ஒற்றுப்பிழை இரண்டு, அவ்வளவுதான். ஆனால் நடுவில் ஒரு வாக்கியம் இருந்தது: "நான்கு கியர் பெட்டியைவிட ஐந்து கியர் பெட்டி இழுவை மிக்கது."

வாக்கியம் சரி. செய்தி தவறு. அப்படி நம்பி அவர் ஒரு வண்டியில் கை வைத்தால் என்ன ஆகும்? தவறான எண்ணெய் ஊற்றுவார், பொருந்தாத கிளட்ச் வாங்குவார், வாடிக்கையாளருக்குத் தவறான பெயரைச் சொல்லிப் பாகம் வரவழைப்பார். அதனால்தான் இந்தக் கட்டுரை. வாகனத்துறை மாணவர்களுக்கு நேரடியாகப் பயன்படும். இயற்பியல் படிப்பவர்கள் பல்விகிதக் கணக்கு வரும் இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதலில் அந்த விகிதம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். என்ஜினிலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்று சுற்றினால், சக்கரப் பக்கம் போகும் தண்டு ஒரு சுற்று சுற்றும்? அந்த எண்தான் கியர் விகிதம். பெட்டிக்குள் இரண்டு கட்டமாக இது நடக்கிறது. உள்வரும் தண்டில் 18 பல் கொண்ட சக்கரம், அது திருப்பும் துணைத் தண்டில் 36 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டம் 36 வகுத்தல் 18, அதாவது 2. அதே துணைத் தண்டில் இருக்கும் 12 பல் சக்கரம், வெளியேறும் தண்டின் 40 பல் சக்கரத்தைத் திருப்புகிறது. இரண்டாம் கட்டம் 3.33. இரண்டையும் பெருக்கினால் 6.67. (பல் எண்ணிக்கை என் கற்பனை. முறை உண்மையானது.) உராய்வை ஒதுக்கிவிட்டால் வேகம் 6.67 மடங்கு குறைகிறது, முறுக்குவிசை அதே 6.67 மடங்கு கூடுகிறது.

இப்போது உண்மையான பெட்டிகளுக்கு வருவோம். ஜிஎம் நிறுவனம் 1947 முதல் 1967 வரை தன் பிக்கப்களில் எஸ்எம்420 என்ற நான்கு கியர் பெட்டியைக் கொடுத்தது. அதன் முதல் கியர் 7.05. அதன் பின் 1968 முதல் 1991 வரை எஸ்எம்465. இதில் 6.55. ஃபோர்டு வண்டிகளில் இரண்டு பெட்டிகள் போட்டி போட்டன. நியூ பிராசஸ் நிறுவனத்தின் என்பி435, முதல் கியர் 6.69. போர்க்-வார்னர் நிறுவனத்தின் டி-18, முதல் கியர் 6.32. இவை எல்லாமே நான்கு கியர் பெட்டிகள்தான்.

இவ்வளவு பெரிய எண் எதற்கு? அமெரிக்க விவசாயி வைக்கோல் கட்டுகளை வயலிலிருந்து வண்டியில் ஏற்றும்போது, வண்டி நடை வேகத்தில் தானாக ஊர்ந்துபோக வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்க. என்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்று, எஸ்எம்465 முதல் கியர் 6.55, பின்னச்சு விகிதம் 3.73, சக்கரச் சுற்றளவு 2.3 மீட்டர். 6.55 × 3.73 = 24.43. சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 24.6 சுற்று. மணிக்கு 3.4 கிலோமீட்டர்! ஆள் பக்கத்திலேயே நடந்து வரலாம். முதல் கியர் 3 மட்டுமே உள்ள ஒரு சாதாரண மூன்று கியர் பெட்டியாக இருந்தால் அதே வண்டி 7.4 கிலோமீட்டரில் ஓடும். பின்னாலேயே ஓடித்தான் வைக்கோலை ஏற்ற வேண்டும். இந்த முதல் கியருக்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் 'பாட்டி கியர்'. காலி வண்டியில் யாரும் அதைத் தொடுவதில்லை, இரண்டாம் கியரிலேயே கிளம்பிவிடுவார்கள். அன்றாட ஓட்டத்துக்கு அது மூன்று கியர் வண்டிதான், அவசரத்துக்கு ஒன்று கூடுதல்.

இனி அந்த மாணவரின் வாக்கியத்துக்கு வருவோம். 1980களின் பிற்பகுதியில் ஃபோர்டு எஃப்-150 வண்டிக்கு மாஸ்டா தயாரித்த எம்5ஓடி என்ற ஐந்து கியர் பெட்டி வந்தது. அதன் முதல் கியர் சுமார் 3.9. பழைய டி-18 பெட்டியின் 6.32 உடன் ஒப்பிடுங்கள். என்ஜினும் பின்னச்சும் ஒன்றாக இருந்தால், நான்கு கியர் பெட்டி முதல் கியரில் 1.6 மடங்கு அதிகமாக இழுக்கும். அப்படியானால் ஐந்தாவது கியர் எதற்கு? நெடுஞ்சாலைக்கு. அது 1-க்கும் குறைவான விகிதம், 'ஓவர்டிரைவ்' என்பார்கள். மேலே சொன்ன அதே வண்டி மணிக்கு 100 கிலோமீட்டரில் போக, நான்காம் கியரில் என்ஜின் ஏறக்குறைய 2,700 சுற்று சுற்ற வேண்டும். 0.76 ஓவர்டிரைவ் இருந்தால் 2,050 போதும். எரிபொருள் மிச்சம், காதுக்கும் நிம்மதி. இழுவைக்கும் ஐந்து என்ற எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. முதல் கியரின் விகிதத்தைக் கேளுங்கள், கியர் எண்ணிக்கையை அப்புறம் பார்க்கலாம்.

ஐந்து கியரிலும் எல்லாம் ஒன்றல்ல. 1987-இல் ஃபோர்டின் கனமான பிக்கப்களுக்கு வந்த ஜெர்மன் இசட்எஃப் எஸ்5-42 பெட்டியில், பெட்ரோல் என்ஜினுக்கான அகல விகித வகையின் முதல் கியர் 5.72. அதில் பாட்டி கியரும் உண்டு, 0.76 ஓவர்டிரைவும் உண்டு.

சரி, வண்டிக்கு அடியில் எண்ணெய்ப் பிசுக்கோடு தொங்கும் அந்தப் பெட்டி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லாரும் முதலில் போவது வண்டியோடு வந்த தகட்டுக்கு. ஃபோர்டில் ஓட்டுநர் கதவுப் பக்கத் தகட்டில் கியர்ப்பெட்டிக்கான குறியீடு இருக்கும். ஜிஎம் வண்டிகள் பலவற்றில் டாஷ்போர்டின் சின்னப் பெட்டிக்குள் பாகக் குறியீடுகளை அச்சிட்ட தாள் ஒட்டியிருக்கும். பாருங்கள், குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுசா நம்பாதீங்க. தொழிற்சாலையிலிருந்து என்ன பெட்டியோடு வெளியே வந்தது என்பதைத்தான் தகடு சொல்லும். 40 ஆண்டுகளில் யார் எதைக் கழற்றி எதை மாட்டினார்கள் என்று அதற்குத் தெரியாது. வண்டியின் பெயரும் அப்படித்தான். என்பி435 ஃபோர்டில் மட்டுமல்ல, டாட்ஜிலும் இருந்தது. டி-18 ஜீப்பிலும் இன்டர்நேஷனல் வண்டிகளிலும் இருந்தது. 'ஃபோர்டு பெட்டி' என்று கடையில் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார்.

அதனால் அடியில் போய்ப் பார்க்க வேண்டியதுதான். வண்டியை ஜாக்கி மட்டும் வைத்துத் தூக்கிவிட்டு அடியில் போகாதீர்கள். தாங்கி வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகே போங்கள். மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் வெச்சு அழுக்கைத் தேய்த்து எடுங்கள். முதல் கேள்வி, பெட்டியின் உடல் வார்ப்பிரும்பா அலுமினியமா? காந்தம் ஒன்று போதும். மேலே சொன்ன பழைய நான்கு கியர் பெட்டிகளின் உடல் வார்ப்பிரும்பு. எம்5ஓடியும் இசட்எஃப்பும் அலுமினியம். அடுத்து மேல் மூடி. ஃபோர்டு வண்டியில் இதுதான் என்பி435-ஐயும் டி-18-ஐயும் பிரிக்கும் எளிய வழி: என்பி435-க்கு மூடி அலுமினியம், டி-18-க்கு வார்ப்பிரும்பு. காந்தம் மூடியில் ஒட்டவில்லையா? என்பி435 பக்கம் நம் சந்தேகம் சாய்கிறது.

சந்தேகம் என்றுதான் சொன்னேன், முடிவு என்று சொல்லவில்லை. மூடியையும் மாற்றலாம் அல்லவா? உறுதிப்படுத்த, விகிதத்தையே அளந்துவிடலாம். இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. பெட்டி கழற்றி வைத்திருந்தால், முதல் கியரைப் போட்டு, இரண்டு தண்டுகளிலும் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். வெளித்தண்டு ஒரு சுற்று முடிக்கும்வரை உள்தண்டைக் கையால் சுற்றி எண்ணுங்கள். ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு என்றால் என்பி435. ஆறும் மூன்றில் ஒரு பங்கும் என்றால் டி-18. ஒரே சுற்றில் 6.55-ஐயும் 6.69-ஐயும் பிரிப்பது கண்ணுக்குச் சிரமம், வித்தியாசம் ஏறக்குறைய 50 பாகை மட்டுமே. அதனால் வெளித்தண்டை 10 சுற்று சுற்றவிட்டு எண்ணுங்கள். 65.5, 66.9, 63.2 என்று எண்கள் தெளிவாக விலகி நிற்கும். இயற்பியல் செய்முறைத் தேர்வில் ஊசல் 20 முறை ஆடும் நேரத்தை அளந்து 20-ஆல் வகுக்கிறோமே, அதே தந்திரம்தான்.

பிறகு இரண்டாம் கியரையும் அளந்து வையுங்கள். என்பி435-க்கு 3.34, டி-18-க்கு 3.09, எஸ்எம்465-க்கு 3.58. இது வெறும் சரிபார்ப்பு அல்ல, ஓட்டும் சுகமே இங்கேதான் தெரியும். மூன்றாம் கியர் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 1.66 முதல் 1.70 வரை. இரண்டாம் கியரில் 3,000 சுற்று வரை போய் மூன்றாவதுக்கு மாற்றினால், டி-18-இல் என்ஜின் 1,640 சுற்றுக்கு இறங்கும், என்பி435-இல் 1,490, எஸ்எம்465-இல் 1,425. பாரம் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது அந்த 200 சுற்று வித்தியாசம் பெரிசு. சலிப்பு இல்லாமல் தினசரி ஓட்ட டி-18 என்பேன். ஊர்ந்து போகும் வேலைக்கு என்பி435 ஒரு படி மேல்.

ஒரு சிக்கல் இருக்கிறது. டி-18-க்குத் தம்பி ஒன்று உண்டு, டி-19. பெட்ரோல் வண்டிக்கான டி-19-இன் விகிதங்களும் அதே 6.32, 3.09தான். சுற்றி எண்ணிப் பயனில்லை. (டீசல் வண்டிக்கு வந்ததில் முதல் கியர் 5.11, அது உடனே தெரிந்துவிடும்.) வித்தியாசம் 'சின்க்ரோ'வில். கியர் சேர்வதற்கு முன் இரண்டு பாகங்களின் வேகத்தையும் சமப்படுத்தும் பித்தளை வளையம் அது. டி-18-இன் முதல் கியருக்கு சின்க்ரோ இல்லை, டி-19-க்கு உண்டு. வண்டி மெதுவாக உருளும்போது முதல் கியருக்கு மாற்றிப் பாருங்கள். சத்தமில்லாமல் வழுக்கி உள்ளே போனால் டி-19 என்று துணிந்து சொல்லலாம். கரகர என்று அரைத்தால்? டி-18 என்று அவசரப்படாதீர்கள். வளையம் தேய்ந்துபோன டி-19-உம் அப்படித்தான் அரைக்கும். தேர்வில் விளக்கம் எழுதும்போது இந்த நுட்பத்தை மறக்க வேண்டாம்: ஒரு சான்று ஒரு பக்கம் உறுதியாகப் பேசலாம், மறுபக்கம் ஒன்றுமே பேசாமல் இருக்கலாம்.

பெயர் தெரிந்த பிறகு எண்ணெய். பழைய வார்ப்பிரும்புப் பெட்டிகள் கெட்டியான கியர் எண்ணெய் குடிப்பவை. எம்5ஓடிக்கும் எஸ்5-42-க்கும் தானியங்கிப் பெட்டிக்கு ஊற்றும் மெல்லிய ஏடிஎஃப் எண்ணெய். மாற்றி ஊற்றினால் பெட்டி அன்றைக்கே சாகாது, அதுதான் ஆபத்து. குளிர்காலையில் கியர் விழ மறுக்கும், சின்க்ரோ தேயும், மாதங்கள் கழித்துத்தான் பில் வரும். எம்5ஓடியின் மேல் மூடிக்குப் பின்பக்கம் மூன்று ரப்பர் அடைப்பான்கள் உண்டு. அவை காலப்போக்கில் இறுகிக் கசியும், ஓட்டுநருக்குத் தெரியாமலே எண்ணெய் இறங்கிவிடும். பெட்டி எம்5ஓடி என்று தெரிந்த உடனே நான் முதலில் தடவிப் பார்க்கச் சொல்வது அங்கேதான்.

1990களில் ஜிஎம்மிலும் டாட்ஜிலும் வந்த என்வி4500 என்ற ஐந்து கியர் பெட்டிக்கும் இப்படி ஒரு குறை உண்டு. கம்மின்ஸ் டீசல் என்ஜின் பூட்டிய டாட்ஜ்களில் ஐந்தாம் கியரைப் பிடித்திருக்கும் நட்டு மெல்லத் தளர்ந்து பின்வாங்கும். ஒருநாள் ஐந்தாம் கியர் மட்டும் இருக்காது, மற்ற நான்கும் ஒழுங்காக வேலை செய்யும். பெட்டியின் பெயர் தெரிந்த மெக்கானிக் நேராகப் பின்மூடியைக் கழற்றுவார். தெரியாதவர் பெட்டி முழுவதையும் பிரித்துப் போடுவார்.

வகுப்பில் கொடுக்க ஒரு கணக்கு: ஒரு ஃபோர்டு பிக்கப். தகட்டின் குறியீடு என்பி435 என்கிறது. காந்தம் மேல் மூடியில் நன்றாக ஒட்டுகிறது. வெளித்தண்டு 10 சுற்றுக்கு உள்தண்டு 63 சுற்றும் கொஞ்சமும். வண்டி உருளும்போது முதல் கியர் சத்தமின்றி விழுகிறது. எந்தப் பெட்டி, எந்தச் சான்று எதை நீக்கியது என்று மாணவர்கள் நான்கு வாக்கியங்களில் எழுதட்டும். டி-19 என்ற விடைக்கு ஒரு மதிப்பெண்ணும், தகட்டை ஏன் நம்பவில்லை என்ற விளக்கத்துக்கு மூன்று மதிப்பெண்ணும் கொடுங்கள்.