தாத்தா என்ன செய்துகொண்டிருக்கிறார்?

ரயில்வேயில் செக்‌ஷன் இன்ஜினீயராக ஓய்வு பெற்று, கோவாவில் வாஸ்கோவிலேயே தங்கிவிட்டவன் நான். அறுபத்தாறு வயதில் போர்த்துக்கீசியம் படிக்கிறேன் என்றால் நம் சங்க நண்பர்கள் சிரிக்கிறார்கள். காரணம் என் பேத்தி. பிரேசிலில் சாவ் பாவ்லோ நகரில் பிறந்தவள், ஏழு வயது. தமிழ் ஓரளவு புரியும், பேச வராது. ஞாயிறு மாலை ஐந்தரைக்கு, அங்கே காலை ஒன்பது மணிக்கு, வீடியோவில் வருவாள். இரண்டு நிமிடம் சிரித்துவிட்டு ஓடிவிடுவாள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் 1961-க்கு முன் போர்த்துக்கீசியப் பள்ளியில் படித்தவர். 'சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கு 'எஸ்தோ அ கொமேர்' என்று சொல்லிக் கொடுத்தார். அதைப் பேத்தியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "எஸ்தோ கொமேந்து, தாத்தா!" என்று திருத்தினாள்.

பெரியவரிடம் முறையிட்டேன். "இரண்டும் சரிதான்" என்றார். போர்ச்சுகலில் இன்று பெருவழக்கு அவர் சொன்னது. பிரேசில்காரர்கள் சொல்வது 'ந்து' வடிவம். போர்ச்சுகலின் தெற்கே அலென்தேஜு பகுதியிலும் அது உயிரோடு இருக்கிறது. உண்மையில் அதுதான் பழையது. நம் கோவாவில் வாழ்ந்த மகாகவி கமோயிஷ் 1572-இல் காவியம் வெளியிட்ட காலத்தில் 'ந்து'தான் பெருவழக்கு. தாய்நாடு மாற்றிக்கொண்டதை, கடல் கடந்து போனவர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்!

இலக்கணம் எளிது. ஃபலார் (பேசு) ஃபலாந்து ஆகும். கொமேர் (சாப்பிடு) கொமேந்து. அப்ரீர் (திற) அப்ரிந்து. இது ரயில் பெட்டி மாதிரி, மாறாது. முன்னால் பூட்டும் இன்ஜின்தான் மாறும். 'எஸ்தோ ஃபலாந்து' என்றால் பேசிக்கொண்டிருக்கிறேன். 'எஸ்தாவா ஃபலாந்து' என்றால் பேசிக்கொண்டிருந்தேன். தமிழிலும் அப்படித்தானே? 'பேசிக்கொண்டு' அப்படியே நிற்க, இருக்கிறேன், இருந்தேன், இருப்பேன் என்று 'இரு' மட்டும் மாறுகிறது. நமக்கு இன்ஜின் பின்னால், அவர்களுக்கு முன்னால். அவ்வளவுதான் வித்தியாசம். வெறும் 'ஃபாலு' என்றால் பேசுவது வழக்கம் என்று பொருள். இந்த நிமிடம் நடப்பதற்கு 'ந்து' வேண்டும்.

போன ஞாயிறு பேத்தி அவள் மொழியில் கேட்டாள்: "என்ன செய்துகொண்டிருக்கிறாய், தாத்தா?"

"எஸ்தோ எஸ்பெராந்து" என்றேன். காத்துக்கொண்டிருக்கிறேன். அதே சொல்லுக்கு, நம்பிக்கொண்டிருக்கிறேன் என்றும் பொருள் உண்டு.

அன்று இருபது நிமிடம் பேசிக்கொண்டிருந்தாள். பாதி எனக்குப் புரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்குள் இன்னும் பத்து வினைச்சொற்களாவது மனப்பாடம் செய்தாக வேண்டும்.