யாகூட்டியா: உறைமண் வளர்க்கும் காடு

ரஷ்யாவின் சாகா குடியரசு, அதாவது யாகூட்டியா, பரப்பில் ஏறக்குறைய இந்தியா அளவு. மக்களோ சுமார் 10 லட்சம் பேர்தான். அதனால் ஒன்றும் விளையாத பனிக்காடு என்று இதை ஒதுக்கிவிடுகிறார்கள். மழைக்கணக்கும் அப்படித்தான் சொல்லும்: யாகூட்ஸ்க் நகரில் ஆண்டுக்குச் சுமார் 240 மி.மீ., அரைப்பாலைக்குரிய அளவு. ஆனாலும் சுற்றிலும் லார்ச் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. காரணம் நிலத்தடி உறைமண். 1828 முதல் 1837 வரை ஷெர்கின் என்பவர் இங்கே கிணறு வெட்டினார்; 116 மீட்டர் இறங்கியும் ஊற்று இல்லை, உறைந்த மண்தான். கோடையில் உருகும் நீரைக் கீழே இறங்கவிடாமல் வேருக்கு எட்டும் ஆழத்திலேயே அது நிறுத்திவைக்கிறது.

உறைமண் தொல்லைதானே என்று கேட்கலாம். வீடு கட்டுபவருக்குத் தொல்லைதான். வீட்டுச் சூட்டில் மண் இளகிவிடும் என்று தூண்கள்மேல் தூக்கிக் கட்டுகிறார்கள். ஆனால், முற்காலத்தில் நிலத்தடிப் பனி உருகித் தரை அமிழ்ந்த இடங்களில் ‘அலாஸ்’ எனும் ஏரியும் புல்வெளியும் உருவாயின. சாகா மக்களின் மாட்டுக்குக் குளிர்காலத் தீவனம் அங்கே அறுக்கும் புல்தான். இப்போதோ வெப்பம் ஏறி உறைமண் மிக வேகமாக இளகுகிறது. சுராப்சா வட்டாரத்தில் பழைய வயல்கள் மேடுபள்ளமாகி உழவுக்கு உதவாமல் போய்விட்டன.