நெடுஞ்சாலைக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள்



ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, நான் இலக்கணம் பற்றி எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். ஆயினும் மேல்வகுப்பு மாணவர் மூவர், வகுப்பு முடிந்த பின் தனித்தனியே என்னிடம் வந்து கேட்டது இலக்கணம் பற்றியன்று. "சேர், மூவாயிரம் டொலருக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கலாமா? மெல்பேர்ண் வரை ஓடுமா?" என்பதே மூவரின் வினாவும். மூவரும் தம் வினாவை ஒரே வேண்டுகோளுடன் முடித்தனர்: "அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்."

வீட்டுக்கு மறைத்து வாங்கப்படும் வண்டியே வண்டிகளுள் ஆபத்தானது. ஏனெனில், அதை இரண்டாவது ஆளொருவர் ஆராய்ந்து பார்ப்பதில்லை. எனவே பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து வாசிப்பதற்கென்றே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தபால்காரரின் வண்டி

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பெற்றோருள் 'எம்.டி. 90' என்னும் ஹொண்டா வண்டியை அறியாதார் இலர். ஜப்பானில் கடிதம் விநியோகிப்பதற்கெனச் செய்யப்பட்ட அவ்வண்டி, அங்கே உழைத்து முடித்த பின் பழைய வண்டியாக எமது நாட்டுக்கு வந்தது. 1990 ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதாகிய காலத்தில், சில துளி பெற்றோலை விட்டு உதைத்து இயக்கி, பின் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளுள் அதுவும் ஒன்று. புகையும் மணமும் பொறுக்க முடியாதவை. ஆயினும் வண்டி ஓடியது. பழைய பொருளைப் பேணி உழைப்பிக்கும் கலையை எம்மவர் அக்காலத்திலேயே கற்றனர்.

அவுஸ்திரேலிய அஞ்சற் சேவையும் அதே குடும்பத்தைச் சேர்ந்த 'சி.டி. 110' என்னும் வண்டியைப் பல பத்தாண்டுகள் பயன்படுத்தியது. ஹரிஸ் பார்க்கில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள், தபால்காரர் அதில் நடைபாதையோரமாக ஊர்ந்து வந்ததை நினைவுகூர்வர். 1958 இல் பிறந்த இக்குடும்பத்து வண்டிகள் 2017 ஆம் ஆண்டளவில் பத்துக் கோடியை எட்டின.

இவ்வளவு நம்பகமான வண்டி மலிவாகக் கிடைக்குமாயின் அதையே வாங்கி மெல்பேர்ணுக்குப் போகலாமே எனச் சிலர் எண்ணக்கூடும். அங்கேதான் தவறு தொடங்குகிறது. அதன் இயந்திரம் 105 சி.சி. மட்டுமே. மணிக்கு 80 கிலோமீற்றர் அளவிலேயே அதற்கு மூச்சு வாங்கும். ஹியூம் நெடுஞ்சாலையிலோ பெரும்பகுதியில் வேக எல்லை 110 கிலோமீற்றர். பின்னால் வரும் பாரவூர்திக்கு அவ்வண்டி நகரும் வாகனமாகத் தோன்றாது. நிற்கும் தடையாகவே தோன்றும். நல்ல வண்டி என்று பொதுவாக ஒன்றில்லை. இன்ன பாதைக்கு நல்ல வண்டி என்பதே உண்டு.

முதலில் பாதை, பிறகு வண்டி

இலங்கைத் தீவின் நீளம் வடமுனையிலிருந்து தென்முனை வரை ஏறத்தாழ 430 கிலோமீற்றர். சிட்னியிலிருந்து மெல்பேர்ணுக்கு ஹியூம் வழியாக ஏறத்தாழ 880 கிலோமீற்றர். அதாவது எமது நாட்டின் நீளத்தைப் போல் இரு மடங்கு. இத்தகைய தூரத்தில் மனிதனைக் களைப்படையச் செய்பவை மூன்று: காற்று, அதிர்வு, குனிந்த இருக்கை.

ஆகவே பந்தய வண்டியைப் போல் முன்னே குனிந்து பிடிக்க வேண்டிய வண்டி, பார்வைக்கு அழகாயினும், நெடுந்தூரத்துக்கு உகந்ததன்று. முதுகு நிமிர்ந்த இருக்கை, முன்னே சிறு காற்றுத் தடுப்பு, பொதி கட்ட இடம், இரு கால்களும் நிலத்தில் உறுதியாகப் பதியும் உயரம் ஆகியவற்றையே தேடுங்கள். இயந்திரம் 400 முதல் 650 சி.சி. வரை இருப்பின், நெடுஞ்சாலை வேகத்தில் அது திணறாது. எரிபொருட் செலவும் மிகாது.

நியூ சவுத் வேல்ஸில் 16 வயதும் 9 மாதமும் நிறைந்தவர் பயிற்சி வகுப்பை முடித்துப் பழகுநர் அனுமதிப் பத்திரம் பெறலாம். ஆயினும் அவர் விரும்பிய வண்டியெல்லாம் ஓட்ட முடியாது. 'லாம்ஸ்' எனப்படும் பட்டியலில் அவ்வண்டி இருத்தல் வேண்டும். 660 சி.சி.க்கு மேற்படாத இயந்திரமும், ஒரு தொன் நிறைக்கு 150 கிலோவாற்றுக்கு மேற்படாத வலுவும் அதன் அளவுகோல்கள். ஒரே பெயருடைய வண்டி முழு வலுவுடனும் குறைத்த வலுவுடனும் விற்கப்படுவதுண்டு. பெயரை மட்டும் நம்பாது, பட்டியலை ஒப்பிட்டுப் பார்க்க.

உதாரணமாக, ஹொண்டாவின் சி.பி. 500 எக்ஸ் பலர் நாடும் நெடுந்தூர வண்டி. ரோயல் என்பீல்ட் நிறுவனத்தின் 411 சி.சி. ஹிமாலயனும் பழைய வண்டிச் சந்தையில் கிடைக்கும். ஆங்கிலப் பெயர் தாங்கிய அவ்வண்டி எமக்கு அந்நியமானதன்று. 1955 முதல் சென்னையில், திருவொற்றியூரில் வேரூன்றிய தொழில் அது. எதை வாங்கினும், ஊருக்கு ஊர் உதிரிப்பாகம் கிடைக்கும் பரவலான வண்டியாக இருத்தல் நன்று. அரிய வண்டி நாட்டுப்புறத்தில் பழுதடைந்தால், ஒரு சிறு பாகத்துக்காகக் கிழமைக்கணக்கில் காத்திருக்க நேரும்.

நான் செய்த தவறு

இவற்றையெல்லாம் நான் அறிந்துகொண்டது புத்தகத்திலிருந்து அன்று. ஏதிலியாக இந்நாட்டுக்கு வந்த எனக்குக் கிடைத்த தற்காலிக விசா, பிராந்தியப் பகுதியில் வேலை செய்வோருக்கு மேலும் ஒரு வழியைத் திறப்பதாக இருந்தது. ஆகவே நீல மலைகளுக்கு அப்பால், காரில் நான்கு மணி நேரத் தூரத்திலுள்ள சிற்றூரில், இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கமர்ந்தேன். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை, தமிழ் வகுப்பு எடுப்பதற்காகச் சிட்னிக்கு வருவேன். கரும்பலகை முன் நிற்கும் அந்த இரண்டு மணி நேரம் மட்டுமே நான் மீண்டும் ஆசிரியனாக இருந்தேன். அதை இழக்க எனக்கு மனமில்லை.

2017 இல் 2,400 டொலருக்கு ஒரு பழைய வண்டி வாங்கினேன். ஓடிய தூரம் 9,000 கிலோமீற்றர் மட்டுமே. துருவில்லை, கீறலில்லை, பல ஆண்டுகள் கராஜில் மூடி வைக்கப்பட்டிருந்தது. ரயர்களின் பள்ளங்கள் புதியவை போல் ஆழமாக இருந்தன. பேரம் பேசி வாங்கிய மகிழ்ச்சியில் வேறொன்றையும் நான் பார்க்கவில்லை.

மூன்றாம் பயணத்தில், மவுண்ட் விக்டோரியாவுக்கு அப்பாலுள்ள கணவாய் இறக்கத்தில், தூறல் மழையில், பின் சில்லு வழுக்கியது. வேகம் அதிகமில்லை. ஆயினும் காறை எலும்பு முறிந்தது. பின்னால் வந்தது பாரவூர்தியாக இல்லாமல், தள்ளி வந்த காராக இருந்தமையாலேயே இன்று இதை எழுதுகிறேன். ஆறு கிழமை ஊதியமில்லை. ஊரில் என் பணத்தை நம்பியிருந்த தாயாரிடம், கை சுளுக்கிவிட்டது என்று பொய் சொன்னேன்.

பின்னர் ஒரு கராஜ்காரர் ரயரின் பக்கச் சுவரிலிருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 2208. அதாவது 2008 ஆம் ஆண்டின் 22 ஆம் கிழமையில் செய்யப்பட்ட ரயர். ஒன்பது ஆண்டுகளில் இறப்பர் கல்லாக இறுகியிருந்தது. பள்ளத்தைப் பார்த்த நான் வயதைப் பார்க்கவில்லை. பாடசாலையில் பிள்ளைகளுக்கு "வினாவை முழுமையாக வாசி" என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொடுத்தவன், நான்கு இலக்கங்களை வாசிக்கத் தவறினேன்.

குறைவாக ஓடிய வண்டியே சிறந்தது என்பது பொதுவான நம்பிக்கை. நெடுநாள் அசையாது நின்ற வண்டியில் ரயர் இறுகும், பெற்றோல் பிசினாகும், பிறேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டு, அதற்கான பதிவேடும் உள்ள, 40,000 கிலோமீற்றர் ஓடிய வண்டி, மூலையில் கிடந்த 9,000 கிலோமீற்றர் வண்டியிலும் நம்பத்தக்கது.

பார்க்கப் போகும் நாளில்

பகல் வெளிச்சத்தில், மழையற்ற நாளில், வண்டியறிந்த ஒருவருடன் செல்லுங்கள். சென்றதும் இயந்திரத்தின் அருகே கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருப்பின், குளிர்நிலையில் இயங்க மறுக்கும் குறையை மறைக்க விற்பவர் முன்கூட்டியே இயக்கியிருக்கலாம். குளிர்ந்த பின் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் இயந்திரம் எண்ணெயை எரிக்கிறது என்று பொருள்.

அடுத்து ரயர்: கடைசி நான்கு இலக்கங்களில் முதலிரண்டு கிழமை, பின்னிரண்டு ஆண்டு. பள்ளம் 1.5 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் சட்டப்படியே ஓட்ட முடியாது.

அடுத்து செயின்: பின் பற்சில்லின் பின்புறத்தில் செயினைப் பிடித்து இழுங்கள். பல் பாதி தெரியுமளவுக்கு அது விலகி வந்தால் தேய்ந்துவிட்டது. பற்சில்லின் பற்கள் பனை மட்டைக் கருக்குப் போல் ஒருபுறம் சாய்ந்து கூராகியிருப்பின், செயினையும் பற்சில்லுகளையும் ஒருங்கே மாற்ற வேண்டும்.

பின்னர் முன் சில்லை நிலத்திலிருந்து உயர்த்தச் செய்து, கைப்பிடியை மெல்ல இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் ஏதேனும் சிக்கினால் கழுத்துப் போறிங் பழுது. முன் அதிர்ச்சி தாங்கிகளில் எண்ணெய்க் கசிவு உண்டா எனத் துடைத்துப் பாருங்கள். பிறேக் பிடியின் நுனி, கைப்பிடியின் அந்தம், கால்மிதி ஆகியவற்றில் உரசல் இருப்பின் வண்டி விழுந்திருக்கிறது. விழுந்தது குற்றமன்று, விழவில்லை என்று சொல்வதே குற்றம். அவ்வாறு சொல்பவரின் ஏனைய சொற்களையும் ஐயத்துடனே கொள்க.

'ஏ.பி.எஸ்.' என்னும், சில்லு இறுகிப் பூட்டிக்கொள்ளாது தடுக்கும் பிறேக் அமைப்பு, 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு 2019 இலிருந்து படிப்படியாக இந்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முந்திய வண்டிகள் பலவற்றில் அது இல்லை. சில நூறு டொலர் மிகுதியாயினும், அது உள்ள வண்டியையே தெரிவு செய்யுங்கள்.

கடதாசிகளை வாசியுங்கள்

வண்டியின் கழுத்தில் 17 எழுத்தும் இலக்கமுமாகப் பொறிக்கப்பட்ட 'வின்' இலக்கம், பதிவுப் பத்திரத்திலுள்ளதுடன் ஒத்திருக்க வேண்டும். அவ்விலக்கத்தைக் கொண்டு 'பி.பி.எஸ்.ஆர்.' என்னும் மத்திய அரசின் பதிவேட்டில் இரண்டு டொலர் அளவிலான கட்டணத்தில் தேடலாம். வண்டியின் மீது கடன் உண்டா, களவு போனதா, விபத்தில் கழிக்கப்பட்டதா என்பவற்றை அது காட்டும். முன்னையவர் கட்டாத கடனுக்காக உங்கள் வண்டி பறிபோகக்கூடும் என்பதால், பணம் கொடுக்கும் அன்றே இதைச் செய்யுங்கள்.

'பிங்க் ஸ்லிப்' இருக்கிறது என்று விற்பவர் சொல்வார். அது பரிசோதனை நடந்த நாளில் வண்டி அடிப்படைப் பாதுகாப்புடன் இருந்தது என்பதற்கே சான்று. வாங்கத் தகுந்தது என்பதற்கன்று. 'கிரீன் ஸ்லிப்' விபத்தில் காயமுற்ற மனிதருக்கான காப்புறுதி. பிறருடைய காரை நீங்கள் சேதப்படுத்தினால் அது உதவாது. அதற்குத் தனிக் காப்புறுதி எடுக்க வேண்டும். வாங்கிய 14 நாட்களுக்குள் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றுதலும் அவசியம்.

ஒரு சிறு கணக்கு

மாணவர்களே, கையில் 5,000 டொலர் இருந்தால் 5,000 டொலர் வண்டியைத் தேடாதீர்கள். 3,500 டொலருக்கு மேற்படாத வண்டியைத் தேடுங்கள். எஞ்சிய 1,500 இல் புதிய ரயர், தேவைப்படின் செயின், எண்ணெய் மாற்றம், பதிவு மாற்றக் கட்டணம், தலைக்கவசம், மேலங்கி, கையுறை, சப்பாத்து ஆகியவற்றை வாங்க வேண்டும். தலைக்கவசத்தை மட்டும் ஒருபோதும் பழையதாக வாங்காதீர்கள். ஒருமுறை விழுந்த கவசத்தின் உட்சேதம் கண்ணுக்குத் தெரியாது. மேலங்கி முதலியவற்றைச் சோதித்து நட்சத்திரத் தரம் வழங்கும் 'மோட்டோகேப்' என்னும் அமைப்பு 2018 முதல் இங்கு இயங்குகிறது. கடைக்குச் செல்லுமுன் அதைப் பாருங்கள்.

வாங்கியவுடன் மெல்பேர்ணுக்குப் புறப்படாதீர்கள். முதலில் கட்டூம்பா வரை சென்று திரும்புங்கள். பின்னர் கன்பரா. வண்டியின் ஒலி உங்கள் காதுக்குப் பழக வேண்டும். நெடும் பயணத்தில் இரண்டு மணிக்கொருமுறை இறங்கி ஓய்வெடுங்கள். விடியலிலும் அந்தியிலும் கங்காரு பாதையைக் கடக்கும். அவ்வேளைகளில் நாட்டுப்புறச் சாலையைத் தவிருங்கள்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்

"மோட்டார் சைக்கிள் வேண்டவே வேண்டாம்" என்று நீங்கள் சொல்வதன் காரணம் எனக்குத் தெரியும். அச்சம் நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளை வாங்குவதென்று முடிவு செய்துவிட்டால், நம் மறுப்பு வண்டியைத் தடுப்பதில்லை. நம்மிடம் சொல்வதையே தடுக்கிறது. அப்போது அவன் இரவில், தனியே, கைப்பணத்துடன், முன்பின் அறியாதவர் வீட்டு வாசலில் நின்று பேரம் பேசுவான். ரயரின் இலக்கத்தை வாசிக்க மாட்டான்.

ஆகவே, வேண்டாம் என்று ஒருமுறை சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். அதன் பிறகும் அவன் விரும்பினால், உடன் செல்லுங்கள். எம்.டி. 90 இல் மண்ணெண்ணெய் விட்டு ஓடிய தந்தையருக்கு இயந்திரத்தின் ஒலி தெரியும். அவ்வறிவு வீட்டில் சும்மா கிடக்க வேண்டியதில்லை.

என்னிடம் கேட்ட மூன்று மாணவருள் ஒருவர் சென்ற மாதம் தம் தந்தையாருடன் சென்று ஒரு வண்டியைப் பார்த்தார். ரயர் பழையது, கழுத்தும் சிக்கியது. வாங்காமல் திரும்பினர். பார்த்து, வாசித்து, வேண்டாமென்று திரும்பி வரத் தெரிந்தவரே நல்ல வண்டியை வாங்கத் தகுதி பெற்றவர். அம்மாணவருக்கு என் பாராட்டுகள். ஏனைய இருவரும் இன்றே வீட்டில் சொல்லிவிடுவார்களாக.